சிவப்பு நாட்களில் ஒரு பயணம்

ஜப்பானுக்கு எப்போது வரக்கூடாது என்பதைத்தான் தம்பி எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தான்.

அவன் ஷிஸுவோகா என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தான். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, கையைப் பிடித்து நடக்க வைப்பது. கண்டியில் அறை எடுத்துத் தங்கி, ஜப்பான் மொழி படித்து, பரீட்சை எழுதிப் போனவன். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா தவறிய பிறகு லயத்து வரிசை வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொழும்பைத் தாண்டி எங்கும் போனதில்லை.

எங்களை அங்கே கூட்டிப் போய்க் காட்ட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. அப்பா பிடி கொடுக்கவில்லை. பாஷை தெரியாத ஊருக்கு வந்து நான் என்ன பண்ணப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் அழைத்து, எதுவும் பேசாமல் போனைத் திருப்பி வெளியே காட்டினான். சரிவு முழுக்கத் தேயிலை. எங்கள் மலைகளில் இருப்பது போல ஒன்றொன்றாக நிற்கும் செடிகள் இல்லை. வரிசை வரிசையாக, உருண்டையாக, சீவி விட்டது போல இருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனைக் கையில் வாங்கினார்.

"இது எங்கடா?"

"இங்கதாம்ப்பா. நான் வேலைக்குப் போற வழியில."

அதன் பிறகு அப்பா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எப்போது போகிறோம் என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆயின. தம்பியின் அறைச் சுவரில் ஒரு கலண்டர் மாட்டியிருந்தது. அங்கேயும் விடுமுறை நாட்கள் சிவப்பு எழுத்தில்தான். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரைக்கும் சிவப்பு அடுத்தடுத்து வரும். பொன் வாரம் என்று அதற்குப் பெயராம். அந்த நாட்களில் நாடே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும், ரயிலில் இடம் கிடைக்காது, தங்க அறை கிடைக்காது, குடும்பம் உள்ளவர்கள் எல்லாரும் லீவு கேட்பதால் தன்னைப் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் இல்லத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தம்பி விளக்கினான். ஆகஸ்டும் வேண்டாம். அப்போது இறந்து போனவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதாக அவர்கள் நம்புகிறார்கள். ஓபொன் என்பார்கள். எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்க் கல்லறையைக் கழுவி, விளக்கேற்றி, அவர்களை வரவேற்று, பிறகு வழியனுப்பி வைப்பார்களாம். வருஷப்பிறப்புக்குக் கடைகூடத் திறக்காது. செர்ரிப் பூ பூக்கும் பருவத்தில், அதைப் பார்க்க வரும் கூட்டத்தில் அப்பா தொலைந்து போவார்.

எங்கள் பக்கத்திலும் சிக்கல்கள் இருந்தன. அப்பா மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருந்தார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் இரவு தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எனக்குப் பாடசாலைத் தவணை இருந்தது. இது போதாதென்று அப்பா தன்னுடைய நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பி சொல்லும் ஒவ்வொரு தேதிக்கும் அஷ்டமி, கரிநாள் என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வார். தம்பி அந்தப் பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டு சிரிப்பான்.

கடைசியில் மே மாத நடுவில் ஒரு வாரம் அகப்பட்டது. திருவிழா முடிந்திருக்கும். அவர்களுடைய சிவப்பு நாட்களும் முடிந்திருக்கும். தம்பிக்கும் எனக்கும் லீவு கிடைக்கும். புதுக் கொழுந்து எடுப்பதும் நடந்துகொண்டிருக்கும். அப்பாவின் நாட்காட்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

"ரெண்டு நாட்டுக் கலண்டரும் ஒத்துப்போறது இந்த ஒரு வாரந்தாங்க்கா," என்றான் தம்பி. "இத விட்டா அடுத்த வருஷந்தான்."

அதிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் பாடம் நடக்கும். வீட்டுக்குள் போனால் செருப்பைக் கழற்றி வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். இல்லத்தில் வேலை செய்பவர்களுக்கு ஏதாவது கொண்டு போக வேண்டும், பெரிதாக வேண்டாம், தனித்தனியாகச் சுற்றியதாக இருக்க வேண்டும். ரயிலில் சத்தமாகப் பேசக்கூடாது. அப்ப வாய மூடிக்கிட்டேதான் வரணுமா என்று அப்பா கேட்டார். அதெல்லாம் பேசலாம், மலைக்கு மலை கூப்பிடுகிற மாதிரி பேசக்கூடாது என்றான் தம்பி. அப்பா பாஸ்போர்ட் எடுத்தார். கொழும்புக்குப் போய் விசாவும் வாங்கிவந்தோம். அந்த வருஷத் திருவிழாவில் அப்பா காப்புக் கட்டிக்கொண்டு ஓடியாடி வேலை செய்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும், பெருசு ஜப்பான் போகப் போகுது, அதான் இந்தத் துடிப்பு என்று கேலி செய்தார்கள்.

திருவிழா முடிந்து, காப்பு அவிழ்த்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த அழைப்பு வந்தது.

அழைத்தது தம்பியின் நண்பன். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பையன். அதே இல்லத்தில் வேலை, அதே கட்டடத்தில் அறை. வீடியோவில் பல தடவை பேசியிருக்கிறோம். என்னை அக்கே என்பான். அப்பாவைத் தாத்தே என்பான். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் தலை வலிக்கிறது என்று தம்பி உட்கார்ந்தானாம். உட்கார்ந்தவன் சாய்ந்துவிட்டானாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார், மெஷினில் வைத்திருக்கிறார்கள், உங்களால் சீக்கிரம் வர முடியுமா அக்கே என்று கேட்டான். நான் வகுப்பறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு எழுந்து, பீப்பாய்த் தண்ணீரில் கையைக் கழுவினார். மண் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"பேசுறானா?"

"இல்லப்பா."

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். அங்கே டிக்கட் போட்டுக் கொடுக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் மே மாதப் பயணத்துக்கு டிக்கட் போட்டவரும் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு எங்களுக்காக உட்கார்ந்தார். ஒவ்வொரு விமானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே விடுமுறைக்காலம், எல்லாம் நிறைந்து கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே தேடினார். தம்பி எந்த நாட்களில் வரவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னானோ அந்த நாட்களில் இரண்டு இருக்கைகள் கேட்டு நாங்கள் காத்திருந்தோம்.

அப்போது மறுபடியும் போன் வந்தது. நண்பன் அக்கே என்றான். அதற்கு மேல் அவன் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டான்ப்பா," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நானாவின் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இனிமே அவசரமில்லதானே, பாப்பா? பெறகு போனாலும் ஒண்ணுதானே?"

நானா எழுந்து மேசையைச் சுற்றி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லங்க ஐயா. இப்பதான் போகணும். புள்ள அங்க தனியா இருக்குறாரு. நான் எப்படியாவது எடுத்துத் தாறேன்."

எடுத்துத் தந்தார். யாரோ கைவிட்ட இரண்டு இருக்கைகள், வேறு வேறு வரிசையில்.

விமானத்தில் அப்பாவின் பின்தலையை மட்டும் பார்த்தபடி போனேன். விமான நிலையத்தில் நண்பன் காத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் தரையில் மண்டியிட்டு அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவ்வளவு சனத்துக்கு நடுவில் அப்பா அவனைத் தூக்கி, முதுகைத் தடவிக் கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ரயிலில் உட்கார இடமில்லை. குழந்தைகளைத் தோளில் தூக்கிய தகப்பன்மார், புதுத் தொப்பி போட்ட சின்னப் பிள்ளைகள், பெட்டிகள். எல்லாரும் உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பெட்டியில் சத்தம் இல்லை. அப்பா கதவோரம் நின்று, தோளில் கிடந்த துவாயை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். வழி முழுக்க அப்படியே வந்தார். தம்பி சொல்லிக் கொடுத்ததை நினைத்து அடக்கினாரா, அல்லது அவருக்கே வாய் திறக்க முடியவில்லையா, எனக்குத் தெரியாது.

தம்பியை ஓர் ஈமக்கூடத்தில் வைத்திருந்தார்கள். சுத்தமான சின்ன அறை. வெள்ளை மெத்தை. போர்வைக்கு அடியில் ஐஸ் கட்டிகள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. முடி புதிதாக வெட்டியிருந்தது, ஊருக்கு எங்களைப் பார்க்க வருவதற்கு முன்னால் வெட்டிக்கொள்வானே, அது போல. அவனுடைய இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மா ஒருவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் நெற்றி தரையில் படக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் தரையில் உட்கார்ந்து கும்பிட்டார்.

அன்றைக்கே ஊரிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. கல்யாணம் ஆகாத பிள்ளை, எரிக்கக்கூடாது, எப்படியாவது உடம்பைக் கொண்டுவந்து தாய்க்குப் பக்கத்தில் புதையுங்கள் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். அப்பாவும் அந்த எண்ணத்தோடுதான் வந்திருந்தார். நண்பன் விசாரித்துவிட்டு வந்தான். உடம்பைக் கொண்டுபோவதற்கான பத்திரங்களுக்கு நம்முடைய தூதரகம் திறக்க வேண்டும், சிவப்பு நாட்கள் முடியாமல் அது திறக்காது, அதற்குப் பிறகும் வேறு அலுவலகங்கள் இருக்கின்றன, எவ்வளவு நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்றான்.

அப்பா தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு அவன் கையைப் பிடித்தார். பிடித்த கையை உடனே எடுத்துவிட்டார். பிறகு மறுபடியும் பிடித்தார்.

"குளிர்ல பொறந்து குளிர்ல வளந்த புள்ளதான்," என்றார். "இருந்தாலும் போதும். இன்னும் எத்தன நாளைக்கு ஐசுல போட்டு வைக்கிறது? எரிச்சிருவோம்."

"சித்தப்பா கேட்டா என்னப்பா சொல்றது?"

"நான் சொல்றேன். அவன் என் மகன்."

ஆனால் அடுத்த நாள் எரிக்க முடியாது என்றார்கள். விடுமுறை காரணம் இல்லை. அவர்களுடைய கலண்டரில் தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் நாளின் பலன் போட்டிருக்கிறது. அடுத்த நாளுக்கு, நண்பனை இழுக்கும் நாள் என்று பெயராம். அன்று எரித்தால் போகிறவர் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போவார் என்று பயம். அதனால் அன்றைக்குச் சுடுகாட்டையே மூடிவிடுவார்கள். நண்பன் இதைச் சொல்லத் தயங்கினான். நாங்கள் கோபப்படுவோம் என்று நினைத்திருக்கலாம். அப்பா தலையாட்டினார். எங்கள் ஊரில் சனிக்கிழமை செத்தால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிடுவார்கள், துணைக்கு வேறு யாரையும் கூப்பிடாமல் இருக்க. அதை அவர் சந்தைச் சிங்களத்தில் நண்பனுக்கு விளக்கினார். நண்பன் ஜப்பான் மொழியில் மேற்பார்வையாளர் அம்மாவுக்குச் சொன்னான். அவர் ஆச்சரியத்தோடு அப்பாவைப் பார்த்தார். அவருடைய ஊரில் அந்த மாதிரி நாளில் சவப்பெட்டிக்குள் ஒரு பொம்மையை வைத்து அனுப்புவார்களாம், பாட்டி காலத்தில் பார்த்திருக்கிறாராம். அந்த அறைக்குள் போன பிறகு அப்பா ஒருவரோடு அவ்வளவு நேரம் பேசியது அப்போதுதான்.

எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் லயத்துக் கோடி வரைக்கும்தான் நடந்தேன். அதற்கப்பால் ஆம்பளைகள் போனார்கள், நான் திரும்பி வந்து வீட்டைக் கழுவினேன். இங்கேயும் நான் வாசலில் நின்றுகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். எரித்து முடிந்ததும், எலும்பை இரண்டு பேர் சேர்ந்து எடுக்க வேண்டும், சொந்தக்காரர்கள்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். "வேற யாரு இருக்கா? நீ வா பாப்பா."

ஓர் இரும்புத் தட்டில் தம்பியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல, நண்பன் சிங்களத்தில் சொன்னான். காலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் எலும்பு வைக்கும் பானைக்குள் அவர் நேராக இருப்பார், தலைகீழாக இருக்க மாட்டார். எங்கள் கையில் ஆளுக்கு ஒரு சோடி நீளமான குச்சிகள். சாப்பிடும்போது ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் கொடுக்கக்கூடாது, இங்கே அது பெரிய அபசகுனம் என்று தம்பி ஒருநாள் போனில் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்பாவுக்குக் குச்சி பிடிக்க வரவில்லை. முதல் எலும்பு நழுவித் தட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத என்னால் முடியாது. அப்பா குச்சிகளைக் கீழே வைத்தார்.

"கையால எடுக்கலாமான்னு கேளு தம்பி," என்றார் நண்பனிடம்.

கையுறைக்காரர் தயங்கினார். மேற்பார்வையாளர் அம்மா அவரிடம் ஏதோ சொன்னார். அவர் குனிந்து, தட்டைச் சற்று அப்பாவின் பக்கம் தள்ளினார். அப்பா தம்பியின் கால் எலும்பு ஒன்றை வலது கையால் எடுத்தார். இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். கையை இழுக்கவில்லை. பானைக்குள் வைத்தார்.

"இது நம்ம மொறைக்கு. இனி அவங்க மொறைக்கு எடுப்போம்."

மறுபடியும் குச்சிகளை எடுத்துக்கொண்டார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரே எலும்பை இருவரும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பானைக்குக் கொண்டுபோனோம். பிறகு நழுவவில்லை.

பத்திரங்களுக்காக விடுமுறை முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தம்பியின் அறையிலேயே தங்கினோம். அவன் எங்களுக்காக இரண்டு மெத்தைகள் வாங்கிச் சுவரோரம் மடித்து வைத்திருந்தான். இரண்டு புதுத் துவாய்கள். வாசலில் இரண்டு சோடி வீட்டுச் செருப்புகள், பிளாஸ்டிக் உறை கழற்றாமல். ஒரு சோடி மிகவும் பெரியது. மலை ஏறி இறங்கி அகன்று போன பாதம் அப்பாவுடையது. கடையில் வாங்கும் எதுவும் அவருக்குச் சேராது. தம்பி எங்கே தேடி வாங்கினானோ. அப்பா முதல் நாள் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் காலை நான் விழித்தபோது அதைப் போட்டுக்கொண்டு, எலும்புப் பானையை உள்ளே வைத்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். செருப்பு அவருக்கு அளவாக இருந்தது.

அறைக்குள்ளேயே இருக்க வேண்டாம் என்று நண்பன் எங்களைச் சாயங்காலங்களில் நடக்கக் கூட்டிப் போனான். வீடியோவில் பார்த்த அந்தச் சரிவுக்கும் போனோம். ஒரு வயதான கணவனும் மனைவியும் வரிசைக்கு இரண்டு பக்கமும் நின்று, நடுவில் ஓர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வெட்டிய கொழுந்து பின்னால் தொங்கிய பைக்குள் பறந்து விழுந்தது. அப்பா வரிசையின் மேலாகக் கையை வைத்துத் தடவினார். ஒரு கொழுந்தைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்தார். அந்தக் கிழவர் எங்களைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு, போத்தலில் இருந்த பச்சைத் தேநீரை ஊற்றித் தந்தார். வருஷத்தின் புதுத் தேயிலையைக் குடித்தால் அந்த வருஷம் நோய் அண்டாது என்று ஒரு நம்பிக்கை இங்கே, என்று நண்பன் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். சீனி இல்லாத தேநீரை அப்பா முழுவதும் குடித்து, கோப்பையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆற்றோரத்து வீடுகளில் உயரமான கம்பங்களைப் பார்த்தோம். கம்பத்தில் துணியால் செய்த பெரிய மீன்கள். கறுப்பு, சிவப்பு, நீலம். காற்று உள்ளே புகுந்து அவை நீந்துவது போல அசைந்துகொண்டிருந்தன. என்ன கோயில் திருவிழாவா என்று அப்பா கேட்டார். இல்லை, சிவப்பு நாட்களில் கடைசி நாள் பிள்ளைகளுடைய நாள் என்றான் நண்பன். ஆண்பிள்ளை உள்ள வீட்டில் அவன் நன்றாக வளர வேண்டும் என்று இப்படி மீன் கட்டுவார்கள்.

அப்பா நின்றுவிட்டார். மீன்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பையன் செத்துட்டா எறக்கிருவாங்களா?"

எனக்கு யாரும் சொன்னதில்லை தாத்தே என்றான் நண்பன். அப்பா அதற்குப் பிறகும் அங்கேயே நின்றார். நாங்களும் நின்றோம்.

விடுமுறையின் கடைசி நாள், மறுநாள் திறக்கும் தூதரகத்துக்காக டோக்கியோவுக்குப் புறப்பட்டோம். ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பும் நாள். ரயிலில் கால் வைக்க இடமில்லை. அப்பா தம்பியின் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் பெண் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். உடனே எழுந்து, தன் மடியில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இடத்தைக் காட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்துவிட்டார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அங்கே எல்லாருக்கும் அது தெரிகிறது. நின்றுகொண்டே அந்தப் பெண் பெட்டியை நோக்கித் தலை குனிந்தாள். அப்பா உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் சத்தம் போட்டு அழுதார். அந்த ரயிலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை மட்டும் பார்த்தது.

ஊருக்கு வந்ததும் பேச்சுகள் இருந்தன. ஆற்றில் கரைக்க வேண்டும் என்றார்கள் சிலர். எரித்ததே தப்பு என்றார் சித்தப்பா. அப்பா யாரோடும் சண்டை போடவில்லை. அவன் அம்மாகிட்ட போகட்டும் என்று மட்டும் சொன்னார். தோட்டத்து மயானத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி வெட்டினார்கள். இந்த முறை லயத்துக் கோடியில் நான் நிற்கவில்லை. ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பெட்டியின் ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மழை ஆரம்பித்தது. பள்ளிக்கூடம், சமையல், சாயங்காலத்தில் அப்பாவோடு தேநீர் என்று நாட்கள் போயின. அப்பா லீக்ஸ் பாத்தியை அப்படியே விட்டுவிட்டார். ஆகஸ்டில் ஒரு நாள் நண்பன் வீடியோவில் அழைத்தான். ஓபொன் நாட்கள். மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் அவனுக்கு வேலை அதிகம். ஒருவர் இறந்த பிறகு வரும் முதல் ஓபொனுக்கு வெள்ளைக் காகித விளக்கு கட்டுவார்களாம், முதல் தடவை வருகிறவருக்கு வழி தெரியாதே என்று. மேற்பார்வையாளர் அம்மா தம்பிக்காக இல்லத்து வாசலில் ஒன்று கட்டியிருந்தார். நண்பன் அதைக் காட்டினான். அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

இன்னொரு விஷயமும் நண்பன் சொன்னான். இல்லத்தில் ஞாபக மறதி நோய் வந்த ஒரு வயதான அம்மா இருக்கிறார். தம்பி ஊட்டினால்தான் சாப்பிடுவார். அந்தப் பையன் எங்கே, எப்போது வருவான் என்று இன்னும் கேட்கிறார். இறந்துவிட்டான் என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க அழுகிறார். மறுநாள் அதை மறந்துவிட்டு மறுபடியும் கேட்கிறார். அதனால் இப்போதெல்லாம், லீவில் ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுகிறார்களாம். அப்படிச் சொல்வதில் உங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லையே தாத்தே என்று கேட்டான்.

நான் அவனுக்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"அப்படியே சொல்லட்டும்," என்றார் அப்பா என்னிடம். "பொய்யில்லையே. ஊருக்குத்தானே வந்திருக்கான்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ சாப்பிட்டாயா என்று சிங்களத்தில் அவனிடம் கேட்டார்.